மலிவாக வாங்கி லாபத்துக்கு விற்பது தப்பா? கேம் 'ஸ்கின்' வியாபாரமும் போடி ஏலக்கூடமும்

"அண்ணே, ஐடி இருக்கு. அவசரம். எவ்வளவு தருவீங்க?" மொபைல் கேம் ஆடுபவர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படும் மெசேஜ் இப்படித்தான் இருக்கும். கேட்பவர் பள்ளி மாணவராக இருக்கலாம். பதில் சொல்பவர் நாலைந்து வயது மூத்தவராக, விலை நிலவரம் விரல் நுனியில் இருப்பவராக இருக்கலாம். ஐயாயிரம் ரூபாய்க்குப் போகும் ஐடி என்று வாங்குபவருக்குத் தெரியும். எண்ணூறு தருகிறேன் என்கிறார். பையன் தலையாட்டுகிறான். அன்று மாலையே அது ஐயாயிரத்துக்குக் கைமாறுகிறது.

"அவன்தான் கேட்டான், நான் கொடுத்தேன். ஏமாத்தினேனா? திருடினேனா? இதுல என்ன தப்பு?" என்பது வாங்கியவரின் நியாயம்.

தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிக்கு இந்த வாதம் புதிதில்லை. மலிவாக வாங்கி, விலை வரும்போது விற்பது ஏலக்காய் வியாபாரத்தின் அடிப்படை. அதில் எது நியாயமான லாபம், எது ஏய்ப்பு என்ற சண்டையும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்தச் சண்டையில் ஊர் கற்றுக்கொண்டதை வைத்துப் பார்த்தால், செல்போனுக்குள் நடக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

அப்படி என்ன விற்கிறார்கள்?

கேமில் துப்பாக்கிக்குப் போடும் வண்ண உறை, கதாபாத்திரத்தின் உடை, வாகனத்தின் தோற்றம் ஆகியவற்றை 'ஸ்கின்' என்கிறார்கள். பெரும்பாலும் இவற்றால் ஆட்டத்தின் பலம் கூடாது, அழகு மட்டுமே கூடும். சில ஸ்கின்கள் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் கிடைக்கும், பிறகு வராது. அதனால் அவற்றுக்கு மவுசு.

கணினி விளையாட்டுகளில் இதற்கென்றே கடைவீதி உண்டு. வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் தளத்தில் 2012 டிசம்பரில் சந்தையைத் திறந்தது. 2013 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டுக்கு ஸ்கின்கள் வந்தன. அதன் பிறகு அந்தச் சந்தை பங்குச் சந்தை போலவே நடக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் விலை வரைபடம் உண்டு. எத்தனை பேர் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்ற பட்டியலும் உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக் பொருள் ஒன்று விற்றால், வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஸ்டீமுக்கு 5 சதவீதமும் விளையாட்டுக்கு 10 சதவீதமும் கட்டணமாகச் சேரும். விற்ற பணம் வங்கிக்கு வராது, ஸ்டீம் கணக்கிலேயே நிற்கும். பணமாகக் கையில் வேண்டும் என்பவர்கள் வெளித் தளங்களுக்குப் போகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கணினியைவிட மொபைல்தான் அதிகம். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஸ்கின்னைத் தனியாக விற்க வழியில்லை. அதனால் பொருள்கள் நிறைந்த கணக்கையே, அதாவது 'ஐடி'யையே விற்கிறார்கள். இதை அந்த நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே வியாபாரம் முழுவதும் தனி மெசேஜிலும் யுபிஐ-யிலும் நடக்கிறது. விலைப்பலகை கிடையாது, ரசீது கிடையாது, நடுவரும் கிடையாது.

தப்பில்லை என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. உலகத்தில் எல்லா வியாபாரமும் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நடக்கிறது. காய்கறிக் கடைக்காரர் மண்டி விலையைச் சொல்லிவிட்டா தக்காளி விற்கிறார்? இடைத்தரகர் இருப்பதால்தான் அவசரக்காரருக்கு உடனே பணம் கிடைக்கிறது, தேடுபவருக்கு உடனே பொருள் கிடைக்கிறது. விலை விழுந்தால் நஷ்டம் வாங்கி வைத்தவருக்கு. சந்தையை நாள் முழுக்கக் கவனித்துக் கற்ற அறிவுக்கு ஒரு கூலி வேண்டாமா?

ரூன்ஸ்கேப் விளையாட்டில் இப்படி வாங்கி விற்பதே ஒரு தனி ஆட்டமாக ஏற்கப்பட்டிருக்கிறது. அங்கே 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற பொதுச் சந்தை உண்டு. ஒருவர் ஒரு பொருளை 4 மணி நேரத்துக்குள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பும் உண்டு. பழைய பாணி ரூன்ஸ்கேப்பில் 2021 டிசம்பர் முதல் விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டார்கள், 2025-ல் அது 2 சதவீதமானது. எல்லோருக்கும் தெரிந்த விதி, எல்லோருக்கும் தெரியும் விலை. அங்கே ஒருவர் சாமர்த்தியமாக லாபம் பார்த்தால் யாரும் குறை சொல்வதில்லை.

ஆக, மலிவாக வாங்குவது அதனளவில் பாவமில்லை. எந்தச் சூழலில் வாங்கினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போடி ஏலக்கூடத்தில் நடப்பது

தமிழில் 'ஏலம்' என்ற சொல் மலையில் விளையும் காயையும் குறிக்கும், கூவி விற்பதையும் குறிக்கும். விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு ஏலமும் ஒன்றாகச் சேரும் ஊர் போடி. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு அருகே புற்றடியிலும், இங்கே போடியிலும் இந்திய நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. தேவாரம், போடி, கம்பம் பகுதியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறிப் போகும் தொழிலாளர்கள் பறிக்கும் காய், ஸ்டோரில் உலர்ந்து, மூட்டையாகி இந்த ஏலத்துக்குத்தான் வருகிறது. சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும்.

ஏலத்தில் வாங்குபவர் உரிமம் பெற்ற வியாபாரி. நடத்துபவரும் உரிமம் பெற்றவர். 1987-ல் வந்த ஏலக்காய் உரிமம் மற்றும் விற்பனை விதிகளின் கீழ் இது நடக்கிறது. ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வாங்குபவர்கள் கைக்கு வரும். காயின் பருமன், நிறம், காய்ச்சல் எல்லாம் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். அன்றைய அதிகபட்ச விலை, சராசரி விலை, வந்த அளவு, விற்ற அளவு எல்லாம் அன்றே வெளியாகிவிடும். மலை மேலே இருக்கும் சிறு விவசாயியும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? விலை தெரியாதவரிடம் விலை தெரிந்தவர் வாங்கும்போது நடப்பதை ஊர் பார்த்திருக்கிறது. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை அடித்தபின், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. இப்படி ஏறி இறங்கும் பொருளில், நேற்றைய விலையை மட்டும் தெரிந்தவர் இன்றைய விலை தெரிந்தவரிடம் தோற்றுத்தான் போவார். பலகையில் விலை எழுதிவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு குறைகிறது.

அப்படியும் சண்டை தீரவில்லை. 'ரீபூலிங்' என்று சந்தையில் சொல்வார்கள். ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவது அது. இப்படிச் செய்தால் சந்தைக்கு வரும் அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும், அதைக் காட்டி விலையை இறக்குகிறார்கள் என்பது விவசாயிகள் சங்கங்கள் பல காலமாக வைக்கும் புகார். அதே ஊரில் வியாபாரிகள் வேறொன்றும் செய்கிறார்கள். வாங்கிய காயைப் பெண் தொழிலாளர்களைக் கொண்டு பருமன் வாரியாக, நிறம் வாரியாகப் பிரித்து, தரமாக்கி, வட மாநிலங்களுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். இதற்கு வரும் லாபத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஒன்றில் உழைப்பு சேர்கிறது. இன்னொன்றில் தோற்றம் மட்டும் மாறுகிறது.

அந்த அளவுகோலை ஸ்கின்னுக்கு வைத்தால்?

முதல் கேள்வி, விற்பவருக்கு விலை தெரியுமா? ஸ்டீம் சந்தையில் ஒருவர் அவசரத்துக்கு விலை குறைத்துப் போடுகிறார். வரைபடம் அவர் கண் முன்னாலேயே இருக்கிறது. அதை வாங்குபவர் மேல் பழி இல்லை. ஐடி வியாபாரத்தில் அந்தப் பலகை கிடையாது. விலையை அறிய பையனுக்கு இருக்கும் ஒரே வழி, வாங்கப்போகிறவரிடமே கேட்பது. "இதெல்லாம் இப்ப ஓடாதுடா தம்பி" என்று அவர் சொன்னால் பேரம் முடிந்தது. தெரியாதவரின் கேள்விக்குப் பொய்யாகப் பதில் சொல்லி வாங்குவது வியாபார சாமர்த்தியத்தில் சேராது.

இரண்டாவது, விற்பவர் யார்? தோட்டக்காரரும் வியாபாரியும் பெரியவர்கள், இருவருக்கும் லாப நஷ்டம் தெரியும். பதினாலு வயதுப் பையனுக்கு அது தெரியாது. அவன் அந்த ஐடிக்கு அப்பாவின் யுபிஐ-யிலிருந்து பணம் போட்டிருக்கலாம், அது வெளியே தெரிவதற்குள் விற்றுவிடத் துடிக்கலாம். அவசரமும் பயமும் ஒருவரை எந்த விலைக்கும் இறங்கவைக்கும். அதைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு, மழைக்காலத்தில் அடகுக்கு வந்தவரிடம் வட்டியை ஏற்றுபவரின் குணம்தான்.

மூன்றாவது, பொருள் எங்கிருந்து வந்தது? மலிவுக்கு ஒரு காரணம் இருக்கும். அது திருட்டாகவும் இருக்கலாம். 2019 அக்டோபரில் வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் பெட்டிச் சாவிகளை வாங்கியபின் கைமாற்ற முடியாதபடி நிறுத்தியது. உலகளாவிய மோசடிக் கும்பல்கள் தங்கள் பணத்தை மாற்ற அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன, சந்தையில் கைமாறும் சாவிகள் அநேகமாக எல்லாமே மோசடியில் வந்தவை என்று அப்போது சொன்னது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்வி கேட்காமல் வாங்குபவர், தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிறார்.

நான்காவது, வாங்கியவர் என்ன சேர்த்தார்? தேடிக் கொடுத்தாரா, நஷ்டத்துக்குத் தயாராக நின்றாரா, இல்லை மொத்தமாக வாங்கி முடக்கித் தட்டுப்பாடு காட்டினாரா? கடைசியாகச் சொன்னது ரீபூலிங்கின் தலைகீழ் வடிவம். அங்கே இல்லாத வரத்தைக் காட்டுவதாகப் புகார், இங்கே இல்லாத பஞ்சத்தைக் காட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாகப் பேசுகிறது. அதன் 17-வது பிரிவு மோசடியை விளக்குகிறது. சும்மா மௌனமாக இருந்தது மட்டுமே மோசடியாகாது என்கிறது. கூடவே ஒரு உதாரணமும் தருகிறது: இரண்டு வியாபாரிகள் பேரம் பேசுகிறார்கள், விலை மாறப்போவது ஒருவருக்கு மட்டும் தெரியும், அதை மற்றவருக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவரில்லை. "நான் ஏன் சொல்லணும்?" என்பவர்களுக்குச் சட்டத்தில் இருக்கும் துணை இது.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. தந்தை தன் குதிரையை, அப்போதுதான் வயதுக்கு வந்த மகளுக்கு விற்கிறார். அங்கே குதிரையின் குறையைச் சொல்வது அவர் கடமை. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மௌனத்தின் பொருள் மாறுகிறது. நம்பிக் கேட்பவரிடம் மௌனமும் பொய்தான்.

11-வது பிரிவு இன்னும் நேரடி. பதினெட்டு வயது நிறையாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அவர்கள் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் மொஹோரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. பள்ளி மாணவனிடம் ஐடி வாங்கிவிட்டு "டீல் முடிஞ்சுபோச்சு" என்று யாரும் அடித்துப் பேச முடியாது.

'இதெல்லாம் வெறும் படம்தானே' என்பதற்கும் வெளிநாட்டில் ஒரு பதில் உண்டு. நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப்பில் அவனிடமிருந்த தாயத்தையும் முகமூடியையும் இரண்டு பேர் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே சொன்னது. அவற்றைப் பெற நேரமும் உழைப்பும் செலவாகியிருக்கிறது, அவற்றின் மேல் அவனுக்கு ஆளுகை இருந்தது என்பது அதன் காரணம்.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பணத்துக்கு ஈடான நாணயம், டோக்கன், பொருள் போன்றவை நிஜமோ மெய்நிகரோ, பந்தயப் பொருளாகவே கருதப்படும் என்கிறது. ஸ்கின்னை வைத்துச் சூதாடும் தளங்களில் கால் வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். வாங்கி விற்று வரும் லாபம் வருமானம் என்பதும் நினைவிருக்கட்டும். என்.எஃப்.டி வகைப் பொருளாக இருந்தால் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி.

கடைசியில் பொருள் யாருடையது?

மூட்டையை வாங்கிய வியாபாரி அதைக் குடோனில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். விலை விழுந்தாலும் காய் அவருடையது. ஸ்கின் அப்படியில்லை. விளையாட்டு நிறுவனத்தின் விதிப்படி அது பயன்படுத்தக் கிடைத்த உரிமம் மட்டுமே.

2025 அக்டோபர் 22-ல் வால்வ் ஒரு சிறிய மாற்றம் செய்தது. உயர்தரச் சிவப்பு ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்றது. அதுவரை அபூர்வமாக இருந்த கத்திகளின் விலை சரிந்தது, சிவப்பு ஸ்கின்களின் விலை எகிறியது. சில நாட்களுக்குள் மொத்தச் சந்தை மதிப்பில் சுமார் 200 கோடி டாலர் கரைந்ததாகச் சந்தையைக் கணக்கிடும் தளங்கள் மதிப்பிட்டன. மழை பொய்க்கவில்லை, நோய் தாக்கவில்லை. ஒரு நிறுவனம் ஒரு விதியை மாற்றியது, அவ்வளவுதான்.

பனிப்புயல் என்று பொருள்படும் பெயர் கொண்ட பிளிஸார்ட் நிறுவனமும் ஒரு பாடம் படித்தது. டயப்லோ 3 விளையாட்டில் 2012 ஜூனில் நிஜப் பணத்துக்கான ஏலக்கூடத்தைத் திறந்தது. ஆட்டக்காரர்கள் அரக்கர்களை வேட்டையாடிப் பொருள் தேடுவதை விட்டுவிட்டு விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டின் உயிரே போகிறது என்று 2014 மார்ச்சில் அதை மூடிவிட்டது. லாபக் கணக்கு உள்ளே வந்ததும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஆகவே ஐடியை மலிவாக வாங்கிப் பிறர் தலையில் கட்டுபவர், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத்தான் விற்கிறார். நிறுவனம் நாளை அந்தக் கணக்கை முடக்கினால், கடைசியாக வாங்கியவர் வெறுங்கையோடு நிற்பார். முதலில் விற்றவரே பழைய மின்னஞ்சலைக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொள்ளும் ஏமாற்றும் உண்டு. இந்த ஆபத்தைச் சொல்லாமல் விற்பது, வாங்கும்போது செய்ததைவிடப் பெரிய தவறு.

செய்ய வேண்டியது

நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கணக்கு விற்பனைக்குத் தடை என்று விதியில் எழுதிவிட்டு, விலை தெரியாத சிறுவர்களை இருட்டுச் சந்தைக்குத் தள்ளிவிடுவதில் பயனில்லை. வால்வ் 2025 ஜூலையில் கைமாறிய பொருளை 7 நாட்களுக்குள் திரும்பப் பெறும் வசதியைக் கொண்டுவந்தது. மொபைல் விளையாட்டுகளிலும் இப்படி மனம் மாற ஒரு வழி இருக்கலாம். சிறுவர்கள் போட்ட பணத்தைப் பெற்றோர் கேட்டால் திருப்பித் தரும் எளிய வழி இருந்தாலே, அவசர விற்பனை பாதியாகும்.

பெற்றோர் "கேம் ஆடாதே" என்று போனைப் பிடுங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். யுபிஐ ரகசிய எண் யாரிடம் இருக்கிறது, மாதம் எவ்வளவு 'டாப்-அப்' போகிறது என்று கோபமில்லாமல் கேட்பது அதைவிடப் பயன் தரும். அடிக்குப் பயந்த பிள்ளைதான் ஐடியை அடிமாட்டு விலைக்குத் தள்ளும். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தூரமாக்கும்.

வாங்கி விற்கும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவுதான். வணிகருக்கான அளவுகோலை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள் போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அதன் சாரம். அதை ஒரு நடைமுறைச் சோதனையாக்கலாம். வாங்கும் விலையையும் விற்கப்போகும் விலையையும் அந்தப் பையனின் அப்பா முன்னால் சத்தமாகச் சொல்ல முடியுமா? முடிந்தால் அது வியாபாரம். தொண்டை அடைத்தால், லாபம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியும்.

போடி ஏலக்கூடத்தில் லாபம் பார்ப்பவர்கள் ஏராளம். எல்லோரும் பார்க்கும் பலகையின் முன்னால் பார்க்கிறார்கள் என்பதால்தான் அதற்கு மரியாதை இருக்கிறது. குறையுள்ள அந்த ஏற்பாட்டைச் சரிசெய்யக்கூட விவசாயிகள் சங்கம் வைத்துக் குரல் கொடுக்க முடிகிறது. ஐடி விற்கும் சிறுவனுக்குப் பலகையும் இல்லை, சங்கமும் இல்லை. அவனுக்கு எதிரே இருப்பவரின் மனசாட்சி ஒன்றுதான் இருக்கிறது. அது வரையில், தெரியாதவரிடம் விலையைச் சொல்லிவிட்டு வாங்குவதே வியாபாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.